காந்தச் சாய்தளமும் இலவச கரண்டும்

 

கொஞ்ச நாளாக எல்லோருடைய போனிலும் ஒரு வீடியோ சுற்றுகிறது. சரிவாக வைத்த ஒரு தடம், அதன் இரு பக்கமும் காந்தங்கள். கீழே ஓர் உருக்குக் குண்டை வைத்தால் அது தானாக மேலே ஏறி, நுனியிலிருந்து பொத்தென்று விழுகிறது. "எண்ணெய் வேண்டாம், கரண்ட் வேண்டாம், இதுதான் இலவச சக்தி" என்கிறார்கள். இதே கதையைச் சொல்லி, காந்த ஜெனரேட்டர் செய்து தருவதாக முற்பணம் கேட்டும் ஆட்கள் வருகிறார்களாம். அதனால்தான் விஞ்ஞானம் படிப்பிக்கும் நாங்கள் இதை எழுதுகிறோம்.

தரம் 10 பிள்ளைகள் இதில் இரண்டு கட்சி. "குண்டு ஏறுவதைக் கண்ணால் பார்க்கிறோமே, பிறகென்ன?" என்றது ஒரு கட்சி. "சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று புத்தகத்தில் இருக்கு. அதனால் வீடியோ பொய்" என்றது மற்றது. எங்களுக்கு இரண்டும் போதவில்லை. குண்டு உண்மையிலேயே ஏறும். புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லி ஒரு பிள்ளையின் வாயை அடைப்பதும் விஞ்ஞானம் அல்ல.

ஆகவே செய்து பார்த்தோம். ஒரு துண்டு வயர் கேசிங், கொஞ்சம் சிறிய காந்தங்கள், சைக்கிள் கடையில் வாங்கிய உருக்குக் குண்டு. காந்த வரிசைகளைக் கீழே அகலமாகவும் மேலே நெருக்கமாகவும் ஒட்டினோம். குண்டு ஏறியது. வகுப்பே கைதட்டியது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: "கை படாமல் இதைப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பக் கொண்டு வாங்க, பார்ப்போம்."

இரண்டு பாடவேளை முயன்றார்கள். காந்தத்தைக் கூட்டினால் குண்டு உச்சியில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. குறைத்தால் விழுந்தது, ஆனால் திரும்பி உருண்டு வரும்போது ஆரம்ப இடத்துக்கு முன்னமே நின்றுவிட்டது. இரண்டாவது சுற்றுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கை தேவைப்பட்டது.

எங்கள் ஊர் வியாபாரிகளுக்கு இது இலேசாக விளங்கும். காந்தத்துக்கு எட்ட நிற்கும் குண்டு, உயரத்தில் வைத்த கல்லைப் போன்றது. அதை அங்கே வைத்த கைதான் முதல் போட்டது. குண்டு ஏறும்போது அந்த முதல் செலவாகிறது. பிறகு காந்தத்தை விட்டுப் பிரிய, இழுத்த அளவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உராய்வு வேறு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். வீடியோ வரவை மட்டும் காட்டிவிட்டு, செலவு தொடங்கும் இடத்தில் முடிந்துவிடுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஜோன் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1648இல் வெளியிட்ட நூலில் இதே அமைப்பு இருக்கிறது. தூணின் மேல் காந்தக்கல், அதை நோக்கி ஏறும் சாய்தளம், உச்சிக்கருகே குண்டு விழ ஒரு துளை, கீழே திரும்பி வர இன்னொரு பாதை. இது ஓடாது என்பதையும் அவரே எழுதினார்: குண்டை மேலே இழுக்கப் போதுமான காந்தம், அதைத் துளையால் விழ விடாது. எங்கள் பிள்ளைகள் இரண்டு பாடவேளையில் கண்டதும் அதைத்தான். ஓயாமல் ஓடும் இயந்திரம் என்று வரும் எதையும் இனிப் பரிசீலிப்பதில்லை என்று பரிஸ் விஞ்ஞானக் கழகம் 1775இலேயே தீர்மானித்துவிட்டது.

சரி, ஏறுவதை மட்டும் கணக்கெடுத்தாலும் எவ்வளவு கிடைக்கும்? 10 கிராம் குண்டு 3 சென்ரிமீற்றர் ஏறினால் 0.003 யூல். 5 வாற்று எல்ஈடி பல்ப் ஒன்று எரிய செக்கனுக்கு 1,600க்கும் மேற்பட்ட குண்டுகள் ஏற வேண்டும்.

ஏமாறுபவர்களை முட்டாள்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்த பிள்ளைகளின் உம்மா, வாப்பாவுக்கு "இனி பில்லே வராது" என்ற பேச்சு இனிக்கத்தான் செய்யும்.

ஆனால் இலவசம் போலத் தெரியும் கரண்ட் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பொல்கொல்லயில் மகாவலியை மறித்து, சுரங்கப் பாதையால் உக்குவெலைக்கு அனுப்பி மின்சாரம் எடுக்கிறார்கள். 1985இல் திறந்த விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம். அதன் மின்நிலையம் 210 மெகாவாற்று. அங்கேயும் ஒன்று கீழே விழுகிறது: தண்ணீர். அதைத் திரும்ப மலைக்கு ஏற்றும் கை சூரியன். கடல் நீரை ஆவியாக்கி மழையாக அனுப்புவது அதன் வெப்பம்தான். மழை குறைந்தால் நீர்த்தேக்கமும் இறங்கும். கூரையில் பூட்டும் சோலார் பெனலுக்கும் அதே சூரியன்தான். சக்தி எங்கிருந்து வருகிறது என்று இவற்றில் விரலால் காட்டலாம்.

ஆகவே, காந்த ஜெனரேட்டர் என்று யாராவது வந்தால் காசு கொடுக்கமுன் மூன்று விடயம் கேளுங்கள்.

1. பற்றரி, வெளி வயர், மூடிய பெட்டி எதுவும் இல்லாமல் ஒரு முழு நாள் ஓடுமா?

2. தன்னைத் தானே ஓட்டிக்கொண்டு, ஒரு பல்பையும் எரிக்குமா?

3. விற்பவரின் வீட்டுக்கு இன்னும் கரண்ட் பில் வருகிறதா?

வீட்டில் பிள்ளை இந்த வீடியோவைக் காட்டினால் ஏச வேண்டாம். "குண்டு திரும்பி வருமா?" என்று மட்டும் கேளுங்கள். மிச்சத்தை அதுவே தேடும். செய்து பார்க்க விரும்பினால் சாய்தளம் எங்கள் ஆய்வுகூட மேசையில் இருக்கிறது. வெள்ளி தவிர்ந்த பாடசாலை நாட்களில் 1.30க்குப் பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இயந்திரம் விற்பவரையும் கூட்டி வந்தால் இன்னும் சந்தோஷம்.