ஐந்து வரை எண்ணினேன்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

விருத்தாசலம் என்றதும் வெளியூர் நண்பர்கள் பழமலைநாதர் கோயிலையும் பீங்கான் பொம்மைகளையும் சொல்வார்கள். எனக்கு நினைவில் எழுவதோ என் தந்தையாரின் புருவத்தில் படிந்திருந்த வெள்ளைத் தூள். செராமிக் கம்பெனியில் குவார்ட்ஸ் கல்லை மாவாக அரைக்கும் இடத்தில் 22 ஆண்டுகள் நின்றவர் அவர். முகத்தில் கட்டிய துண்டுதான் காப்பு. கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகளைத் துண்டா தடுக்கும்? அது நுரையீரலின் நுண்ணறை வரை சென்று தழும்பாகிவிடுகிறது. சிலிக்கோசிஸ் என்பது அதன் பெயர். அந்தத் தழும்பை ஆற்ற மருந்தில்லை.

சென்ற கார்த்திகையில் அதனோடு நிமோனியாவும் சேர்ந்தது. நள்ளிரவில் வாய் வழியே மூச்சுக்குழலில் டியூப் செருகினார்கள். வெண்டிலேட்டர் எதுவும் காலியில்லை; கடலூருக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். ஆம்புலன்சில் உடன் வந்த அண்ணன், டிரிப்சைக் கவனிக்க வேண்டி, ஆம்பு பையை என் கையில் தந்தார்.

"அஞ்சு வரைக்கும் எண்ணு தம்பி, அப்புறம் அமுக்கு. நெஞ்சு ஏறுதான்னு பாரு. அவசரப்படாத, காத்து வெளிய வரணும்."

நாம் மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்கூடு விரிந்து உள்ளே அழுத்தம் குறைகிறது. காற்று தானே நுழைகிறது. பையோ காற்றை உள்ளே தள்ளுகிறது. வெண்டிலேட்டரின் வேலையும் அதுவே, அளவும் அழுத்தமும் பிசகாமல். இயற்பியல் மாணவனான எனக்கு இதெல்லாம் பிறகுதான் தோன்றியது. அப்போது ஒன்று, இரண்டு, மூன்று மட்டுமே.

நெய்வேலி தாண்டி வடலூரை நெருங்கும்போது பை இறுகிவிட்டது. அமுக்கினால் அமுங்கவில்லை. நெஞ்சும் ஏறவில்லை. "அண்ணா!" என்று அலறினேன். அவர் மெல்லிய குழாய் ஒன்றை டியூபுக்குள் விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தார். அடைத்திருந்தது ஒரு சிறு சளிக்கட்டி! பை மறுபடி இளகியது.

1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, டாக்டர் பியோர்ன் இப்சனின் யோசனைப்படி நோயாளிகளின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். போதிய எந்திரங்கள் இல்லை. ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறை வைத்து, மாதக்கணக்கில், இரவும் பகலும் பையை அமுக்கினார்களாம். படித்தபோது என் விரல்கள் வலித்தன.

ஆறாம் நாள் அப்பா கண் விழித்தார். டியூப் குரல் நாண்களுக்கு நடுவே கிடப்பதால் பேச முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, என் நோட்டில் எழுதியது: "பரிச்ச என்னிக்கி".

"அடுத்த வாரம்" என்றேன். செய்முறைத் தேர்வு முந்தின நாளே முடிந்துவிட்டது.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். நாலு படி ஏறினால் இரைக்கிறது. நான் கொண்டு போகும் அச்செழுத்து எதையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். இந்த மலர் வீட்டுக்கு வரும் நாளில் அவருக்குத் தெரிந்துவிடும்.