அருவங்காட்டில் ஒரு மாலை

நீலகிரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் உதகமண்டலத்தை நினைத்துக்கொண்டே ரயில் ஏறுகிறார்கள். மேட்டுப்பாளையத்தில் புறப்பட்ட வண்டி கல்லாற்றைக் கடந்ததும், தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களைக் கவ்விக்கொண்டு மலையேறத் தொடங்குகிறது. என்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை; பின்னாலிருந்து தள்ளுகிறது. 1899-ல் குன்னூர் வரையில் வந்த இந்தப் பாதை, 1908-ல் உதகை வரையில் நீட்டப்பட்டது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. இத்தனை பெருமையும் பொருந்திய பாதையில், வெல்லிங்டனுக்கு அடுத்தாற்போல் வரும் அருவங்காடு ஸ்டேஷனில் இறங்குகிற உல்லாசப் பிரயாணிகள் மிகச் சிலரே. சென்ற கோடை விடுமுறையில் நாம் அங்கே இறங்கினோம்.

இறங்கியதற்குக் காரணம் உண்டு. நம்மிடம் படித்த மாணவன் ஒருவனுடைய தகப்பனார் அந்த ஊரில் வசிக்கிறார். போலீஸ் ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர். "மலைக்கு வந்தால் நம் வீட்டில் ஒரு வாய் தேநீர் அருந்தாமல் போகக்கூடாது, வாத்தியார் ஐயா" என்று பல வருஷங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து நின்றால், தைல மரங்களின் வாசனையோடு குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கிறது. எதிரே பள்ளத்தாக்கில் நீண்ட வேலி. அதற்குள் வெடிமருந்துத் தொழிற்சாலை. இத்தகைய இடங்களில் கட்டடங்களை நெருக்கமாகக் கட்டுவதில்லை. ஓரிடத்தில் விபத்து நேர்ந்தால் மற்றோரிடத்துக்குப் பரவாதபடி தள்ளித் தள்ளி வைப்பார்கள்.

1903-ல் ஆங்கில அரசாங்கத்தார் இந்தத் தொழிற்சாலையை நிறுவினார்கள். இதற்கு மின்சாரம் கொடுப்பதற்காகவே அருகிலுள்ள காட்டேரி அருவியில் மின்நிலையம் அமைத்தார்கள். இங்கே செய்த மருந்துக்குக் 'கார்டைட்' என்று பெயர். 1889-ல் ஏபெல், டேவர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இங்கிலாந்தில் கண்டுபிடித்தது அது. நைட்ரோகிளிசரின், அமிலத்தில் தோய்த்த பஞ்சு, சிறிது வாஸ்லின் ஆகிய மூன்றையும் பிசைந்து, இடியாப்பம் பிழிவது போலக் கயிறு கயிறாகப் பிழிந்தெடுப்பார்கள். முதலில் நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின் சேர்த்தார்கள். அதன் உக்கிரமான வெப்பம் துப்பாக்கிக் குழல்களையே அரித்துத் தின்றுவிட்டது. ஆகவே பிற்பாடு அதை 30 பங்காகக் குறைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி நம்மவர்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆனால் அந்தத் துப்பாக்கிக்கு வேண்டிய மருந்தைப் பிசைந்த கைகளோ நம்மவர்களுடைய கைகளே! 1934-ல் ஹரிஜன யாத்திரையின்போது காந்தியடிகள் குன்னூரில் சில நாட்கள் தங்கினார். அஹிம்சையைப் போதித்த மகானுக்கும் இந்த மருந்துச் சாலைக்கும் நடுவே இரண்டொரு மலைச்சரிவுகளே இருந்தன.

நமது நண்பரின் வீடு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சரிவில் இருந்தது. அவருடைய தகப்பனாரும் இதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். "சங்கு ஊதினால் அப்பா கிளம்புவார், மறுபடி ஊதினால் வருவார். சங்கு சத்தத்தில்தான் நான் வளர்ந்தேன்" என்றார். தேநீர் வந்தது. பேச்சு துப்பாக்கியைப் பற்றித் திரும்பிற்று.

"துப்பாக்கி எதிரே நிற்பவனுக்குத்தான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஐயா. தோட்டா சரியில்லை என்றால் பிடித்திருக்கிறவனுக்கும் ஆபத்துத்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் ஒரு கதையைத் தொடங்கினார்.

கதைக்கு முன்னால் தோட்டாவின் அமைப்பை நேயர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு பித்தளைக் குப்பி, அதன் அடியில் தட்டினால் பொறி பறக்கும் சிறு மூடி, உள்ளே மருந்து, வாயில் ஈயக் குண்டு. குதிரையை இழுத்ததும் மூடியில் பொறி எழுந்து மருந்து பற்றுகிறது. உண்டாகும் ஆவி, ஒரு சதுர அங்குலத்துக்குப் பல ஆயிரம் ராத்தல் அழுத்தத்துடன் குண்டை வெளியே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கும்படியாகத்தான் குழலைச் செய்திருக்கிறார்கள். மருந்து அளவுக்கு மிஞ்சினால் குழலும் உருளையும் வெடிக்கும். இது எவருக்கும் விளங்கக்கூடியது. மருந்து குறைந்தாலும் துப்பாக்கி கெடும் என்பதுதான் நமக்குப் புதிதாக இருந்தது.

முப்பது வருஷங்களுக்கு முன்பு, ஒரு பயிற்சி மைதானத்தில் புதிதாகச் சேர்ந்த போலீஸ்காரர்கள் ரிவால்வர் சுடப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஏழைக் குடியானவர் வீட்டுப் பையன். மூன்றாவது முறை குதிரையை இழுத்தபோது 'படார்' என்ற சத்தத்துக்குப் பதிலாக 'டொப்' என்று மெல்லிய ஓசை கேட்டது. தோட்டா வெடிக்கவில்லை என்று நினைத்துப் பையன் மறுபடியும் இழுத்தான். குழல் பிளந்தது. சிறு இரும்புத் துண்டு ஒன்று கண்ணுக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கன்னத்தைக் கீறிக்கொண்டு போயிற்று.

நடந்தது இதுதான். மூன்றாவது தோட்டாவில் மருந்தே இல்லை. மூடியின் பொறி மட்டும் குண்டை உந்திற்று. அது குழலின் பாதியில் சிக்கி நின்றது. குண்டு அரைகுறையாக உருளையிலேயே நின்றிருந்தால் உருளை சுழலாது, சுட்டவன் உஷாராகியிருப்பான். முழுவதும் குழலுக்குள் போய்விட்டதால் உருளை வழக்கம்போல் சுழன்றது. நாலாவது குண்டு முழு வேகத்துடன் வந்து, நின்றிருந்த குண்டின் மேல் மோதிற்று. முன்னே போக வழியில்லாத ஈயம் பக்கவாட்டில் பிதுங்கிற்று. பின்னாலிருந்து ஆவியும் நெருக்கிற்று. எஃகுக் குழலாயினும் என்ன செய்யும்?

பையனின் காயம் ஆறுவதற்குள் விசாரணை வந்துவிட்டது. குழலைத் துடைக்கும் துணியை உள்ளேயே விட்டுவிட்டுச் சுட்டான் என்பது அவன் மேல் குற்றச்சாட்டு. ரிவால்வரின் விலையைச் சம்பளத்தில் பிடிப்பது, வேலையிலிருந்து நீக்குவது என்ற பேச்சு அடிபட்டது. தோட்டாவின் மேல் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. முத்திரையிட்ட பெட்டியில் வந்த தோட்டா தவறு செய்யுமா? நேற்று வந்த பையன்தானே செய்திருக்கவேண்டும்!

"எனக்கு மனசு கேட்கவில்லை, ஐயா. குழலை நீளவாட்டில் அறுத்துப் பார்க்க உத்தரவு கேட்டேன். 'சர்க்கார் சொத்து, உள்ளே துணி இருந்தால் யார் ஜவாப் சொல்வது?' என்று அதிகாரி கேட்டார். நான் சொல்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு இரண்டு குழந்தைகள். அன்று இரவு வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை."

மறுநாள் குழலை அறுத்தார். உள்ளே துணி இல்லை. ஒன்றின் வால் மற்றொன்றின் மூக்கைக் கவ்வியபடி இரண்டு ஈயக் குண்டுகள் இருந்தன. அதே பெட்டியில் மிஞ்சிய தோட்டாக்களைப் பிரித்துப் பார்த்தபோது, இன்னும் ஒன்றிலும் மருந்து இல்லை. தராசில் நிறுத்தால் முன்பே தெரிந்திராதா என்று கேட்டோம். ரிவால்வர் தோட்டாவின் மருந்து சில குன்றிமணி எடைதான். குப்பிக்குக் குப்பி, குண்டுக்குக் குண்டு எடையில் இருக்கிற வித்தியாசத்திலேயே அது மறைந்துவிடும் என்றார். நிரப்புகிறபோது கண் விழிப்பாக இருப்பது ஒன்றே வழியாம். அந்தத் தோட்டாக்கள் எங்கே நிரப்பப்பட்டவை என்பதை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அந்த வரிசை எண்ணுள்ள பெட்டிகள் எல்லாம் திருப்பி அனுப்பப்பட்டன. பையனுக்கு வேலை நிலைத்தது.

துப்பாக்கிகளைச் சோதிக்கும் வழக்கம் உலகில் பழமையானது. பர்மிங்ஹாமில் 1813-ல் பார்லிமெண்டுச் சட்டத்தின் பேரில் ஒரு சோதனைச் சாலை ஏற்பட்டது. 1914-ல் லியேஜ் நகரில் தோன்றிய சர்வதேசக் கமிஷனின் விதிப்படி, வழக்கத்துக்கு மேல் நூற்றுக்கு 30 பங்கு கூடுதலான அழுத்தம் தரும் தோட்டாவைக் கொண்டு கைத்துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை இடுகிறார்கள். ஆயினும் அடைபட்ட குழலுக்கு அந்த முத்திரையும் காவல் அல்ல.

அருவங்காட்டுத் தொழிற்சாலை 1947 முதல் நம்முடையதாயிற்று. 2021 அக்டோபரிலிருந்து அது 'மியூனிஷன்ஸ் இந்தியா' என்ற அரசாங்கக் கம்பெனியைச் சேர்ந்திருக்கிறது. அந்நியன் ஆண்டபோது பொருளில் பிழை இருந்தால் அவனைக் குறை சொல்லலாம். இப்போது செய்கிறவனும் நம்மவன், பிடிக்கிறவனும் நம்மவன், பிழைக்கு ஜவாப் சொல்லவேண்டியவனும் நம்மவன். கீழே இருப்பவன் தலையில் பழியைப் போட்டுப் பெட்டியை மூடிவிடுவது சுதந்திர தேசத்துக்கு அழகாகாது. கையெழுத்துப் போட ஒருவராவது முன்வர வேண்டியிருக்கிறது.

"இதற்கு ஒரே விதிதான், ஐயா. சத்தம் குறைந்தால் நிறுத்து. குழலைத் திடலின் பக்கமே நீட்டிக்கொண்டு அரை நிமிஷம் பொறு. சில தோட்டா தாமதித்தும் வெடிக்கும். அப்புறம் தோட்டாக்களை எடுத்துவிட்டுக் குழலைப் பார். எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பெரிய சத்தத்துக்குப் பயப்படுகிறார்கள், சின்னச் சத்தத்தை யாரும் மதிப்பதில்லை" என்றார் நண்பர்.

இருபது வருஷங்களாக வகுப்பில் நிற்கிற நமக்கு இது சுருக்கென்று தைத்தது. கூச்சல் போடுகிற பையனை நாம் உடனே கவனிக்கிறோம். நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவன் இன்று மெல்லப் பதில் சொன்னால், அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம்.

அறுத்த அந்தக் குழல் இப்போதும் பயிற்சிப் பள்ளியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதாம். அந்தப் பையன் சப்-இன்ஸ்பெக்டராகி ஓய்வு பெறும் வயதை எட்டிவிட்டான். புதிதாகச் சேருகிறவர்களிடம் பெட்டியைக் காட்டி விளக்கும்போது, கன்னத்தின் தழும்பையும் தொட்டுக் காட்டுவானாம்.

பள்ளத்தாக்கிலிருந்து சங்கு ஊதிற்று. நண்பர் பேச்சை நிறுத்தி, வழக்கம்போல் வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தார். தகப்பனார் காலமாகிப் பல வருஷங்கள் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. உதகைக்குப் போகும் கடைசி வண்டிக்கு நேரமாகிவிட்டது. நாம் விடைபெற்றுக்கொண்டு ஸ்டேஷனுக்கு இறங்கினோம்.