பெட்ஃபோர்ட் கால்வாய்

பக்கத்துக் கவுண்டர் நண்பர் டீ வேளையில், பூமி உருண்டை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. நிறைய வீடியோ பார்த்திருக்கிறார். அவருடைய உலகத்தில் வடதுருவம் நடுவில் இருக்கிறது. அண்டார்டிகா கண்டமல்ல, தட்டின் விளிம்பைச் சுற்றி நிற்கும் பனிச்சுவர்.

நான் விவியன் ஃபுக்ஸைச் சொன்னேன். 1957-58இல் அவர் குழு வெடல் கடல் பக்கம் கிளம்பி, தென்துருவம் வழியாக ராஸ் கடல் பக்கம் வந்து சேர்ந்தது. 99 நாள், ஏறக்குறைய 3,470 கிலோமீட்டர். 1977இல் பான் ஆம் விமானமொன்று இரு துருவங்களின் மேலும் பறந்து 54 மணி சொச்சத்தில் சான்ஃபிரான்சிஸ்கோ திரும்பியதையும் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க போய்ப் பாத்தீங்களா சார்?" என்றார்.

பார்க்கவில்லை. தெற்கே நான் பார்த்தது கன்னியாகுமரி வரைதான். மற்றதெல்லாம் புத்தகம். மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுச் செக்கைப் பாஸ் செய்கிறவன், எழுதிய கையையா பார்க்கிறான்?

அன்றிரவு வாலஸ் நினைவு வந்தது. டார்வினோடு இயற்கைத் தேர்வுக்குப் பங்காளியான அதே ஆல்ஃப்ரட் ரஸல் வாலஸ். நீர்ப்பரப்பில் வளைவைக் காட்டுகிறவனுக்கு 500 பவுன் என்று ஜான் ஹாம்டன் என்பவர் பந்தயம் கட்ட, 1870இல் இவர் ஒப்புக்கொண்டார். இளமையில் நிலம் அளந்தவர், பணமுடையும் இருந்தது. பழைய பெட்ஃபோர்ட் கால்வாயில் ஆறு மைல் நேர்க்கோடு. இரு கோடியிலும் நடுவிலும் தண்ணீருக்கு மேல் ஒரே உயரம். ஒரு கோடியில் தொலைநோக்கி, மறுகோடியில் கறுப்புப் பட்டை, நடுவில் கம்பத்தில் வட்டு. வட்டு பட்டைக்கு மேலே தெரிந்தது. வளைவு நிரூபணமாயிற்று. ஹாம்டன் தரப்பு நடுவரும் அதே குழாயில், அதே வட்டைப் பார்த்தார். தட்டை நிரூபணமாயிற்று என்றார்.

இந்த இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. தீர்ப்பு வாலஸுக்குத்தான். ஹாம்டன் வருஷக்கணக்கில் வசைக்கடிதம் எழுதினார், வாலஸின் மனைவிக்குக்கூட மிரட்டல் எழுதினார், ஜெயிலுக்கும் போனார். பந்தயம் சட்டப்படி செல்லாது என்று 1876இல் கோர்ட் சொல்ல, பணமும் அவருக்கே திரும்பியது. தன் வாழ்வில் மிகவும் வருந்தத்தக்க சம்பவம் இதுவே என்று வாலஸ் சுயசரிதையில் எழுதினார். இவரே ஆவிகளோடு பேசும் கூட்டங்களை மெய்யென்று நம்பியவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2024 டிசம்பரில் இரு கட்சியிலும் சிலரை அண்டார்டிகாவுக்கே அழைத்துப்போனார்கள். சூரியன் அஸ்தமிக்காமல் 24 மணி நேரமும் சுற்றியது. தட்டைப் படத்தில் தெற்கே இதற்கு இடமே கிடையாது. தட்டைக் கட்சிக்காரர் ஒருவர் தான் சொன்னது தப்பு என்றார். அவருடைய ஆட்களே அவரை விலைபோனவர் என்றார்கள். அவர் இழந்தது வெறும் அபிப்ராயம் அல்ல. தினமும் பேசுகிற மனிதர்களை.

ஒரு நண்பரின் கவிதையை வரிவரியாகப் பிரித்து, அது கவிதையல்ல என்று நான் நிறுவி இரண்டு வருஷமாகிறது. அவரும் அதே வரிகளைத்தான் படித்தார். பேச்சு நின்றுபோயிற்று. நிறுவியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நேற்று பக்கத்துக் கவுண்டரில் ரொக்கம் 500 ரூபாய் இடித்தது. மூன்று தடவை எண்ணிவிட்டு, கட்டை என்னிடம் நீட்டினார். எண்ணினேன். ஒட்டிக்கொண்டிருந்த தாள் அகப்பட்டது. சரியாக இருக்கிறது என்றேன். அவர் மறுபடி எண்ணாமல் பெட்டியைப் பூட்டினார்.