சான்றிதழில் எழுதப்படும் மதம்



குமுளி ஏலத்தோட்டங்களில் கூலி வேலை செய்யும் எங்கள் உறவினர் வீடுகளில், பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் எழும் கேள்வி ஒன்றுண்டு. "பாஸ்டர் ஐயா, சான்றிதழில் இந்து என்றே இருக்கட்டுமா? கிறிஸ்தவர் என்று எழுதினால் உதவித்தொகை நின்றுவிடுமே!"

அச்சத்திற்குக் காரணம் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில் 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் பட்டியல் சாதியினராக ஏற்கப்படவில்லை. இது நியாயமன்று என்பதே என் எண்ணம். ஞானஸ்நானம் எடுத்தவுடன் லயத்தின் வறுமை ஒழிந்துவிடுகிறதா?

ஆயினும் கல்விக்கட்டணத்திற்காக விசுவாசத்தை மறைக்க வேண்டியதில்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானோரைக் கேரள அரசு ஓ.இ.சி. என்னும் பிரிவில் சேர்த்து, கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் அளிக்கிறது. அக்ஷயா மையத்தில் இ-கிராண்ட்ஸ் பதிவு செய்தால், கல்லூரி வழியாக விண்ணப்பம் செல்லும். தமிழ்நாட்டிலும் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவித்தொகை உண்டு.

உண்மையான இடர் காகிதங்களில் இருக்கிறது. எங்கள் முன்னோர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறியவர்கள். சாதிச் சான்றிதழ் கேட்டால், குடும்பம் என்று குடியேறியது என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். ஆகவே பட்டணத்தில் வாழும் நாம், விடுமுறையில் ஊர் செல்லும்போது தாத்தாவின் பள்ளிச் சான்று, நிலப் பத்திரம், தோட்டத்து வேலைச்சீட்டு ஆகியவற்றைத் தேடி எடுத்து வைப்பது நலம்.

சென்ற கிறிஸ்துமஸில் என் தங்கை மகளுக்காகத் தேடினோம். தாத்தாவின் சம்பளச்சீட்டு ஒன்று பழைய வேதாகமத்திற்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் அதனை விண்ணப்பத்தோடு இணைத்து, பீர்மேடு தாலுகா அலுவலகத்தில் கொடுத்தாள்.