சாலையே களம்

அயர்லாந்தின் தெற்கே கார்க்கிலும் வடக்கே அர்மாவிலும், ஏறக்குறைய 800 கிராம் எடையுள்ள இரும்புக் குண்டை நாட்டுப்புறச் சாலையிலே வீசி உருட்டி, குறித்த எல்லையை மிகக் குறைந்த வீச்சுகளில் எட்டுபவரே ஜயித்தவரெனக் கொள்ளும் விளையாட்டு, நெடுநாளாகவே என் சிந்தையை ஆகர்ஷித்து வந்திருக்கிறது. 1954-ல் இதற்கென ஒரு சங்கமும் ஸ்தாபிதமாயிற்று; அது நிற்க. வீசுபவருக்கு முன்னே தூரத்தில் கால்களை அகட்டி நின்று, குண்டு செல்லவேண்டிய திசையைத் தம் தேகத்தாலேயே காட்டும் துணைவரையும், அது விழவேண்டிய இடத்தில் பிடுங்கிய புல்லைக் கொத்தாக வைத்து அடையாளமிடும் வழக்கத்தையும் எண்ணுந்தோறும் மனம் பரவசமடைகிறது. மாபெரும் அரங்கங்களைவிட, ஊரார் குண்டின் பின்னாலேயே பேசிக்கொண்டு நடந்துபோகும் இந்தச் சாலைகளே எனக்கு உயர்ந்தவை. வளைவு குறுக்கிட்டால், சுற்றிச் செல்லாமல் வேலிக்கு மேலாக ஆகாயமார்க்கமாய்க் குண்டைப் பறக்கவிட்டு அப்பாலுள்ள சாலையில் இறக்கும் தீரர்களும் அங்கே உண்டு.