சீனிக்கல்லும் சுக்கான் கல்லும்

பந்தல்குடிப் பக்கம் வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்குக் கல்லைப் பற்றிப் பாடம் நடத்தப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. கரிசல் காட்டில் உழுதால் கொழுவில் இடறுவது சுக்கான் கல். ஓடையில் வெள்ளையாய்க் கிடப்பது வெங்கச்சங்கல். வீட்டு அம்மியும் ஆட்டுரலும் கருங்கல். பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். 1957-இல் தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ், அதாவது இன்றைய ராம்கோ, தன் ராமசாமி ராஜா நகர் ஆலைக்கு நம் பக்கத்துக் கல்லைத்தான் எடுத்துப் போகிறது.

2007-08-இல் செயல்வழிக் கற்றல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது நாங்களும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தோம். அப்போது நான் வழக்கமாக்கிக்கொண்ட ஒரு பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்கு ஐந்து கல் கொண்டுவரச் சொல்வேன். சுரங்கப் பக்கம் போகக் கூடாது, காட்டிலும் ஓடையிலும் கிடப்பது போதும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். எல்லாக் கல்லையும் நடுவில் குவித்து, "ஒண்ணு போல இருக்கிறதை ஒண்ணாச் சேருங்க" என்பேன். எது ஒன்று போல என்று நான் சொல்லமாட்டேன். சொட்டாங்கல் ஆடும் பெண்பிள்ளைகள் உருண்டை, வழவழப்பு என்று பிரிப்பார்கள். பையன்கள் பெரிசு, சிறிசு என்பார்கள். கடைசியில் முக்கால்வாசிப் பேர் நிறத்துக்கு வந்து சேருவார்கள். வெள்ளை எல்லாம் ஒரு பக்கம், கறுப்பு எல்லாம் ஒரு பக்கம்.

அப்புறம்தான் இரும்பு ஆணியும் எலுமிச்சம்பழமும் வெளியே வரும்.

வெள்ளைக் குவியலில் ஒரு கல்லை ஆணியால் கீறினால் மாவு உதிரும். இன்னொன்றைக் கீறினால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும். "இதுலயும் கீறல் விழுது சார்" என்பான் ஒருவன். விரலை நனைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னால் அங்கே பள்ளமே இருக்காது. ஆணிதான் தேய்ந்து கல்லில் ஒட்டியிருக்கிறது! அது வெங்கச்சங்கல். 1812-இல் ஃபிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் கனிமங்களின் கடினத்தைப் பத்துப் படியாக வகுத்ததும் இப்படி ஒன்றை ஒன்றால் கீறிப் பார்த்துத்தான். அதில் சுண்ணாம்புக்கல்லின் கனிமம் 3-ஆம் படி, வெங்கச்சங்கல் 7-ஆம் படி.

அடுத்து, உதிர்ந்த மாவின் மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு. "பொங்குது சார்!" என்று வகுப்பே எழுந்து நிற்கும். கோலி சோடாவில் வருகிற அதே வாயுதான் என்று சொல்வேன். பிறகு யாரும் சீண்டாத, மண் நிறத்துச் சுக்கான் கல்லைச் சுரண்டிச் சாறு விட்டால் அதுவும் பொங்கும். மண்ணிலுள்ள சுண்ணாம்பு மழைநீரில் கரைந்து, வெயிலில் நீர் வற்றும்போது கட்டியாகத் தங்குவதுதான் சுக்கான் கல். ஒரே நிறத்தில் இருந்த இரண்டு கல் வேறு வேறாகப் பிரியும்; பார்வைக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு கல் உறவாகும். பிள்ளைகள் தங்கள் குவியலைத் தாங்களே கலைத்து மறுபடி அடுக்குவார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

"சுண்ணாம்புக்கல்லில் அம்மி கொத்தினால் என்ன?" என்று ஒரு கேள்வி போடுவேன். "புளி வச்சு அரைச்சா அம்மி கரைஞ்சு சட்னில வந்துரும் சார்" என்றாள் ஒரு பெண். இதைவிட நல்ல பதிலை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை.

நம்மூர்ச் சுண்ணாம்புக்கல்லை உடைத்தால் உடைந்த முகம் சீனி மாதிரி மினுங்கும். பிள்ளைகள் அதற்குச் 'சீனிக்கல்' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பெண்ணே சில வருடம் கழித்து, எட்டாம் வகுப்புத் தேர்வுத் தாளோடு வீட்டுக்கு வந்தாள். சுண்ணாம்புக்கல் எவ்வகைப் பாறை என்ற கேள்விக்கு "எங்கள் ஊர்க் கல் உருமாறிய பாறை" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் சுழியம். புத்தகத்தில் இருப்பது படிவுப் பாறை.

புத்தகமும் தப்பில்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் கடலடியில் படிந்தது. அதில் சிப்பி, நத்தைத் தடங்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். நம் கல்லும் ஒரு காலத்தில் படிவுதான். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து அழுந்திப் படிகமாகிவிட்டது. அந்த மினுக்கம் அதன் அடையாளம். சலவைக்கல்லின் சொந்தக்காரன் என்று சொல்லலாம். அவளிடம் அரியலூர்க் கல் ஒன்றைக் கொடுத்து, "ரெண்டையும் உங்க டீச்சர்கிட்ட காட்டும்மா, சண்டை போடாதே" என்று அனுப்பினேன். மதிப்பெண் வரவில்லை. ஆனால் இரண்டு கல்லும் அந்த வகுப்பு சன்னலில் ரொம்ப நாள் இருந்ததாகச் சொன்னாள்.

மூன்று வகைப் பேரையும் ஒப்பிக்க எந்தப் பிள்ளையாலும் முடியும். கையில் எடுத்துக் கீறி, முகர்ந்து, எடை பார்த்துவிட்டுப் பேர் சொல்கிற பிள்ளைதான் பிற்பாடு கடையில் விதையையும் உரத்தையும் அட்டையிலுள்ள எழுத்தை மட்டும் நம்பி வாங்காது.

விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் நீங்களும் செய்து பாருங்கள். கல்லை உடைப்பது நீங்களாக இருங்கள். தெறிக்காமல் சாக்கில் சுற்றி உடையுங்கள். எலுமிச்சைச் சாறு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேரை மட்டும் முதலில் சொல்லிவிடாதீர்கள்.