மார்த்தாண்டத்தில் பிசின் தேடி...

நாகர்கோவிலில் திருவனந்தபுரம் பஸ் பிடித்து, தக்கலை தாண்டினால் மார்த்தாண்டம். திரும்பின பக்கமெல்லாம் ரப்பர் மரம். நிழலில் தேன் பெட்டிகள், ஆபீஸ் ஃபைல் மாதிரி வரிசையாக. (ஒரே வித்தியாசம், இவற்றுக்குள் வேலை நடக்கிறது!) இந்த ஊர்த் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் தளிர் விடும்போது இலைக்காம்பில் கசியும் இனிப்புதான். கவிஞர்கள் மன்னிக்க!

நான் போனது தேனுக்காக இல்லை, புரோபோலிஸுக்காக. சர்க்கரை வியாதிக்கார நண்பர் ஒருவர், டாக்டரிடம் போகாமல் கால் புண்ணில் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கிறார். பாட்டிலில் 'இயற்கை' என்று போட்டிருக்கிறதாம்.

புரோபோலிஸ் என்பது மரப்பிசினோடு மெழுகு கலந்து தேனீ தயாரிக்கும் கோந்து. மேல்நாட்டுத் தேனீக்கள் கூட்டின் சந்துகளை இதனால் அடைக்கும். உள்ளே எலி செத்துப் போனால் தூக்கிப் போட முடியுமா? மேலே பூசி மூடிவிடும். நாறாது!

பெட்டிக்காரப் பெரியவர் கையை விரித்தார். "நம்ம பெட்டித் தேனீ பிசின் சேக்காது சாரே. கொசுத்தேனீயத்தான் பாக்கணும்."

காட்டினார். சுவர் விரிசலில் பிசினால் கட்டிய சின்னக் குழாய். அதுதான் வாசல். கொட்டத் தெரியாத பூச்சி, கோந்துதான் ஆயுதம். ஓர் எறும்பு கால் ஒட்டிக்கொண்டு தவித்தது.

கிருமியைப் பற்றி இந்த ஊருக்குப் பாடம் வேண்டாம். 1991-92ல் தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காலி பண்ணியது. "தொறந்தா புழுவெல்லாம் செத்துக் கெடக்கும்" என்றவர், கொஞ்ச நேரம் பேசவில்லை.

நண்பர் விஷயத்துக்கு வருவோம். புரோபோலிஸ் கிருமியைக் கொல்வது பொய்யில்லை. புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸை ஆய்வுக்கூடத் தட்டில் நன்றாகவே அடக்குகிறது. ஈ.கோலை வகையறா அவ்வளவு சுலபமாக மசியாது. தவிர, எந்த மரத்துப் பிசின், எந்தத் தேனீ என்பதைப் பொறுத்துச் சரக்கே மாறும். ஐரோப்பாவில் பாப்லர் மொட்டு, பிரேசிலில் வேறொரு செடி. பாட்டிலுக்குள் எது என்று யார் கண்டது? சிலருக்கு அலர்ஜியும் வரும். சர்க்கரைக் கால் புண் ஆய்வுக்கூடத் தட்டு இல்லை. டாக்டரிடம் போய்யா என்று அன்றைக்கே போன் போட்டுத் திட்டினேன்.

"கொஞ்சம் பிசின் கெடைக்குமா?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

"வாசலப் பேத்தா அது எங்க போவும்?" என்றவர், ஒரு கரண்டி கொசுத்தேன் மட்டும் தந்தார். லேசாகப் புளித்தது.